சண்டைக்கு வைத்த பிஸ்கட்

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், வானொலிச் செய்தியை நம்பாதவர்களும் ஒரு காலத்தில் என்னை நம்பினார்கள். நான் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. மூலைக்கடையில் நான் பிஸ்கட் வாங்கினால் போதும், சண்டை வரப்போகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அன்று பின்னேரமே கடையில் பருப்பு முடிந்துவிடும். மறுநாள் மண்ணெண்ணெய் இருக்காது, அதற்கடுத்த நாள் மெழுகுதிரி இருக்காது. பிறகு ஒன்றும் நடக்காது. சனங்கள் கொஞ்ச நாள் பருப்பையே சமைத்துத் தீர்ப்பார்கள்.

இதற்கெல்லாம் காரணம் என் கணவரின் உத்தியோகம். அவர் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். துறைமுகத்துக்குள் போய் வருகிற மனிதருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்பது ஒழுங்கையின் முடிவு. உண்மையில் அவருக்குத் தெரிந்தது வந்து நிற்கிற கப்பல்களுக்கு எவ்வளவு குடிதண்ணீர் ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான். அதைக்கூட அவர் வீட்டில் சொல்ல மாட்டார், வெளியில் சொல்லக்கூடாத விசயம் என்பார். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பெண்சாதிக்காவது சொல்லியிருப்பார் என்று சனங்கள் நினைத்தார்கள். நான் மறுபடி மறுபடி பிஸ்கட் வாங்கியதற்குக் காரணம் வேறு. முன்பு வாங்கி வைத்ததை நானே தின்று முடித்திருந்தேன்.

அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் ஓடுவதற்கென்று ஒரு பை கட்டி வைத்திருப்பார்கள். அடையாள அட்டைகள், காணி உறுதி, ஒரு சாரம், ஒரு சேலை, டோர்ச் லைற். எங்கள் வீட்டில் அதோடு ஒரு பெரிய தகரப்பேணியும் இருந்தது. மாமி, அதாவது என் கணவரின் தாயார், அதற்குள் மரி பிஸ்கட்டும் கிறீம் கிறாக்கரும் சீனியும் பால்மாவும் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். ஷெல் விழத் தொடங்கினால் கணவர் பையைத் தூக்க வேண்டும், நான் பேணியைத் தூக்க வேண்டும், மூவருமாகக் கோயில் மண்டபத்துக்கு ஓட வேண்டும். பேணி என் பொறுப்பு என்று மாமிதான் சொன்னார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

நான் மனையியல் ஆசிரியை. மாப்பொருள், புரதம், கொழுப்பு, விற்றமின் என்று படம் கீறிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். வீட்டிலோ நான் பெயர்போன விரதக்காரி. வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி, சட்டி, கார்த்திகை, பிரதோசம் என்று கலண்டரில் எதைப் போட்டிருந்தாலும் அதற்கு நான் பட்டினி கிடந்தேன். "என்ரை மருமகள் விரதமெண்டால் பச்சைத்தண்ணியும் பல்லிலை படாது" என்று மாமி கோயிலில் சொல்லிக்கொண்டு திரிவார். இவ்வளவு விரதம் பிடித்தும் நான் ஏன் மெலியவில்லை என்று ஒருமுறை ஒரு பெண் கேட்டுவிட்டாள். "அது முருகன் குடுத்த உடம்பு" என்று மாமி அவள் வாயை அடைத்தார். முருகனுக்கும் அந்த உடம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

அது நடப்பது பின்னேரத்தில். நான் பள்ளிக்கூடத்தால் வந்திருப்பேன், மாமி கோயிலில் புராணப்படிப்புக் கேட்கப் போயிருப்பார், கணவர் கந்தோரில் இருப்பார். காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் ஒரு வாழைப்பழம், அவ்வளவோடு குசினி வாசலில் நிற்பேன். ஒரேயொரு பிஸ்கட் என்றுதான் பேணியை இறக்குவேன். பிறகு கை தன்பாட்டில் வேலை செய்யும். மரி முடிந்தால் கிறீம் கிறாக்கர், அதன்மேல் சீனி, அது முடிந்தால் பால்மா கரண்டியால், பிறகு பானையில் இருக்கிற சோறு, காலையில் மிஞ்சிய பாண், சம்பல். எல்லாம் நின்றபடி. ருசி தெரியாது. கொள்ளையடிக்க வந்தவன் சுவரில் மாட்டியிருக்கிற படங்களை நின்று ரசிக்க மாட்டான்தானே. வயிறு நோகும்போதுதான் நிற்கும். அதன்பிறகு குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுவேன், முகம் கழுவுவேன், நாளைக்கு ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சபதம் எடுப்பேன். அந்தச் சபதம்தான் அடுத்த கொள்ளைக்கு நாள் குறித்தது என்பது தெரியவே எனக்கு வெகுகாலம் பிடித்தது.

இதை இப்போது கேட்பவர்கள், "சண்டைக்காலத்துப் பயம்தானே காரணம்" என்று அனுதாபத்தோடு தலையாட்டுவார்கள். எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் தென்னை காய்க்காவிட்டாலும் சண்டையைத்தான் சொல்வார்கள். நான் சண்டைக்கு முதலே, பரீட்சைக்குப் படித்த காலத்திலேயே இப்படித் தின்னத் தொடங்கியவள். சண்டை எனக்கு ஒரு பேணியைத் தந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இருந்தது ஒரேயொரு பயம். மாமிக்குத் தெரியக்கூடாது. ஷெல்லுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை, ஷெல் விழுந்தால் எல்லார் தலையிலும் விழும். இது என் தலையில் மட்டும் விழும். மகன் கப்பலுக்குத் தண்ணீர் அளக்கிறதைப் பற்றி ஒரு தாய் எவ்வளவு நேரம்தான் பெருமை பேசலாம்? மாமிக்கு ஊரில் தலை நிமிர்ந்து சொல்ல இருந்தது என் விரதம் ஒன்றுதான். அதனால் தடயமே இல்லாமல் தின்னப் பழகினேன். வெறும் பைக்கற்றுகளை எரித்தால் மணக்கும், குப்பையில் போட்டால் கண்ணில் படும். ஆகவே சமநிலை உணவைக் காட்டுகிற என் பழைய வகுப்புப் படத்தைச் சுருட்டி அதற்குள் அடைத்து வைத்தேன். அந்தப் படத்தை விரித்து வைத்தாலே ஒருவரும் பார்ப்பதில்லை. சுருட்டி வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்?

பேணியை மட்டும் உடனே நிரப்பியாக வேண்டும். மூலைக்கடை முஸ்லிம் ஒருவருடையது, ஒழுங்கையே அவரை நானா என்றுதான் கூப்பிடும். முதல்முறை நான் ஒரு பெரிய பார்சலாகப் பிஸ்கட் கட்டச் சொன்னபோது அவர் கட்டிய நூலைக்கூட அறுக்காமல் என்னைப் பார்த்தார்.

"சேர் ஏதும் சொன்னவரோ டீச்சர்?"

"இல்லை நானா, சும்மா வீட்டுக்கு."

"விளங்குது, விளங்குது. நான் ஒருத்தரிட்டையும் கதைக்க மாட்டன்."

நான் வீட்டுக்கு வந்து சேர முதலே படலை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அந்தக் கிழமையே இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்து தொலைத்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. அதன்பிறகு எத்தனை தடவை நான் பிஸ்கட் வாங்கி ஒன்றும் நடக்காமல் போனது என்பதை யாரும் நினைவில் வைக்கவில்லை. ஒன்றும் நடக்காவிட்டால், "கடைசி நேரத்திலை பேச்சுவார்த்தை நடந்திருக்கும்" என்று சமாதானம் சொன்னார்கள். உண்மையாகவே அடி விழுந்த நாட்களில் என் பேணி நிறைந்திருந்தது, நான் கடைக்கே போகவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இதன் உச்சம் என் கணவர். ஒருநாள் கந்தோரால் வந்தவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏதோ நடக்கப்போகுதாம். கந்தோரிலை எல்லாரும் கதைக்கினம். நம்பகமான இடத்திலையிருந்து வந்த கதையாம். பேணி நிறைஞ்சிருக்கோ எண்டு பாரும்."

நம்பகமான இடம் அவருக்கு முன்னால் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தது. அதைவிட வெட்கம் என்னவென்றால், எனக்கும் பயம் பிடித்துவிட்டது. ஊர் முழுக்கப் பருப்பு வாங்குகிறதே, நெருப்பில்லாமல் புகையுமா என்று யோசித்தேன். யோசித்து யோசித்து மறுநாள் பின்னேரம் மறுபடியும் பேணியை இறக்கினேன்.

இப்படியே இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்தான் அதை நிறுத்தினாள். என்னை டீச்சரக்கா என்று கூப்பிடுகிற, வாய் ஓயாத பிள்ளை. கலியாணம் செய்து பல வருடம் நேர்த்தி வைத்து உண்டானவள், நாளும் நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். அந்த நேரம் பார்த்துக் கந்தசட்டி விரதம் வந்தது. ஆறு நாளும் நான் மிளகும் தண்ணீருமாக இருந்தேன். ஊரே மெச்சியது. விரதம் முடிக்கிற பாறணைக்கு அடுத்த நாள் பின்னேரம் நான் பேணியையும் குசினியையும் துடைத்து எடுத்துவிட்டேன். அதற்கடுத்த நாள் நானாவின் கடையில் இருந்த பிஸ்கட் முழுவதையும் வாங்கினேன். அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருசன் கண்டுவிட்டார். இவ்வளவு பிஸ்கட் என்றால் எவ்வளவு பெரிய சண்டையாக இருக்கும் என்று அவர் மிரண்டுபோனார். விடிந்ததும் அவர்கள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பெண்சாதியைக் குச்சவெளியில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம்.

நான் வெளியில் ஓடி வந்தேன். வழி நெடுகச் சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டும். வழியில் வலி வந்தால் அந்தச் சாவடிகளையெல்லாம் தாண்டித் திரும்ப இங்கேதான் வர வேண்டும். எல்லாம் நான் தின்ற பிஸ்கட்டால். வாசலில் ஒழுங்கையே கூடி நின்றது. மாமி திருநீற்றுத் தட்டோடு நின்றார், பக்கத்தில் என் கணவர். நானா வழிக்கென்று ஒரு சோடாப் போத்தல் கொண்டு வந்திருந்தார்.

"அனுப்பாதையுங்கோ. சண்டை ஒண்டும் வராது" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?" என்றார் புருசன்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. எப்பவும் தெரியாது. இவருக்கும் தெரியாது."

"பாத்தீங்களோ, நாங்கள் பதறக்கூடாதெண்டு சொல்லுறா. படிச்ச ஆக்கள் அப்பிடித்தான்" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

வான்காரர் இயந்திரத்தைக் கிளப்பினார். நான் மாமியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பிஸ்கட் சண்டைக்கு வாங்கேல்லை. முதல் வாங்கினதை நான் திண்டுபோட்டன். ஒவ்வொரு முறையும் நான்தான் திண்டனான்."

ஒருவரும் நம்பவில்லை. நான் வெட்கத்தை விட்டுச் சொன்ன ஒரே உண்மையை அவர்கள் என் நல்ல மனசுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மாமிதான் முதலில் பேசினார்.

"ஆறு நாள் மிளகு விழுங்கின பிள்ளை பேணி பேணியாய்ப் பிஸ்கட் திண்டதாம். ஆருக்குச் சொல்லுறீர்?"

நான் வீட்டுக்குள் போய்ச் சமநிலை உணவைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் விரித்தேன். பைக்கற்றுகள் கொட்டின. மரி, கிறீம் கிறாக்கர், நூடில்ஸ், பால்மா உறை, நானே மறந்துபோன லெமன் பஃப். கடற்காற்று அவற்றை ஒழுங்கை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. என் கையில் நான் கீறிய முருங்கைக்கீரையும் மீனும் முட்டையும் மட்டும் மிஞ்சின. நானா குனிந்து ஒரு பைக்கற்றை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நம்மட கடைச் சாமான்தான்" என்று அத்தாட்சி கொடுத்தார்.

வானுக்குள் இருந்த பெண் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு மெல்ல இறங்கி, "நான் ஒரு இடமும் போகேல்லை" என்று புருசனிடம் சொன்னாள். மற்றவர்களும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. திருநீற்றுத் தட்டை என் கணவரிடம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனார். மாமிக்குத் தெரிவதுதான் எனக்கு நடக்கக்கூடிய பெரிய கேடு என்று நான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன், அது நடந்துவிட்டது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெண் கிளினிக்குக்குப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லையே. இது வெட்கக்கேடு" என்றேன்.

"என்னைப் போகவிடாமல் மறிச்சனீங்கள். இப்ப நான் கூப்பிடுறன், வாங்கோ" என்றாள்.

அங்கே இருந்த லேடி டொக்டருக்கு என்னைவிட வயது குறைவு. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்விதான் கேட்டார்.

"இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"ஏன்?"

"நேற்றுச் சாப்பிட்டதுக்கு."

"நேற்று ஏன் அப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

"முந்தநாள் பட்டினி."

"முந்தநாள் ஏன் பட்டினி?"

"அதுக்கு முதல்நாள் சாப்பிட்டதுக்கு."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "இப்பிடியே பின்னாலை போனமெண்டால் நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் போயிடுவம்" என்றார். "போவம்" என்றேன் நான், அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

இது ஒரு வருத்தம், இதற்குப் பெயரும் இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது என்று அவர் சொன்னார். பேராசையும் இல்லை, மனத்திடம் இல்லாததும் இல்லை. "மனத்திடம் இல்லாத ஆளுக்கு ஆறு நாள் மிளகு விழுங்க ஏலாது" என்றார். நான் மருந்து கேட்டேன். அவர் சாப்பாடு சொன்னார். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு முறை சின்னதாக ஏதாவது, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணிக்கூட்டைப் பார்த்து, கதிரையில் இருந்து, மற்ற ஆட்களோடு. பின்னேரத்தில் வீட்டில் தனிய நிற்கக்கூடாது. தவறிப்போய் ஒருநாள் தின்றுவிட்டால் தண்டனை இல்லை, அடுத்த வேளைச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு கிழமையும் வந்து, கை பேணிக்குப் போகிறதுக்கு முதல் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டும். முக்கியமாக, சுகம் வரும்வரை ஒரு விரதமும் கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று நானே எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். எனக்கு அது பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மற்றதெல்லாம் சரி. விரதத்தை விடுவதை மாமியிடம் எப்படிச் சொல்வது? வாசலில் நடந்ததற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். சொல்லத்தான் வேண்டும் என்று குசினி வாசலில் நின்று சொன்னேன். அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"டொக்டருக்கு என்ன தெரியும்? முருகனுக்கு வைச்ச விரதத்தை முருகனிட்டைக் கேட்டுத்தான் விடலாம். பூக்கட்டிப் பாப்பம்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்களிடம் கடைசித் தீர்ப்பு. சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், வெளியில் தெரியாமல் இலையில் சுற்றி, சாமிக்கு முன்னால் வைத்துக் குலுக்கி, ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பிப்பது. வெள்ளை வந்தால் விரதத்தை விடலாம், சிவப்பு வந்தால் தொடர வேண்டும் என்று மாமி சொன்னார். சிவப்பு வந்தால் எதிர்த்துக் கதைக்க எனக்குத் துணிவு வராது என்று எனக்கே தெரியும். விரதம் தொடங்கும், பேணி இறங்கும், பழையபடி எல்லாம் நடக்கும். இந்த முறை அதிலிருந்து வெளியில் வர முடியாது என்று நிச்சயமாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்குப் பிறகு கேட்டோம். பொட்டலங்களை மாமியே வீட்டு முற்றத்துச் சிவப்புச் செவ்வரத்தையிலும் வெள்ளை நந்தியாவட்டையிலும் பூப் பிடுங்கிக் கட்டி வந்திருந்தார். ஐயரின் சின்னப் பேத்தி ஒன்றை எடுத்துத் தந்தாள். மாமி பிரித்தார். வெள்ளை.

"சரி. முருகன் சாப்பிடச் சொல்லிப்போட்டார்" என்றார். மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "வாரும், வெய்யில் கொளுத்துது" என்று நடக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து மாமி புராணப்படிப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். பின்னேரத்தில் குசினியில் எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு அரிசி கொழித்துக்கொண்டிருப்பார். நான் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிடுவேன். மூன்றாவதை எடுக்கும்போது அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. உடனே சுகம் வந்ததென்று சொன்னால் பொய். வெள்ளிக்கிழமை காலையில் இடியப்பம் தின்பது களவு செய்வது போல இருந்தது. சில நாட்கள் தவறியும் போனேன். தவறிய நாளின் இரவுச் சாப்பாட்டையும் மாமி வழக்கம்போல் போட்டுத் தந்தார். கோயிலில் யாராவது குத்திக் கதைத்தால், "முருகன்ரை உத்தரவு, நீங்கள் ஆர் கேக்க?" என்று சண்டைக்குப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிள்ளை பிறந்தது. நானா மட்டும் நான் கடைக்குப் போகும்போதெல்லாம், "டீச்சர், இது சண்டைக்கோ சாப்பாட்டுக்கோ?" என்று கேட்டு உயிரை எடுத்தார்.

அடுத்த வருடம் மழை தொடங்க முதல், மாமியின் கோயில் சேலைகளை வெயிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் தலைப்பில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன். காய்ந்த இலைப் பொட்டலம். அன்று கோயிலில் பிரிக்காமல் விட்ட மற்றப் பொட்டலம்தான். பிரித்துப் பார்த்தேன். பூ காய்ந்து பழுத்திருந்தது, ஆனால் எவ்வளவு காய்ந்தாலும் நந்தியாவட்டையைச் செவ்வரத்தை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோயில் வாசலில் செருப்பைக்கூட நேராகக் கழற்றி வைக்கிற மனுசி. இரண்டிலும் வெள்ளையைக் கட்டி, முருகனுக்கு வேறு வழியே இல்லாமல் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, நின்று நன்றாக அழுதேன். இந்த மனுசிக்குத் தெரியக்கூடாதென்றா இவ்வளவு காலம் ஒளித்துத் தின்றேன் என்று நினைக்க, சிரிப்பும் வந்தது.

"பிள்ளை, தேத்தண்ணி ஆறுது, வாருமன்" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

பொட்டலத்தைப் பழையபடி முடிந்து, சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன்.